இடையிசையில் வந்த சிரிப்பு

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை, தம்பி. சொல்கிறவன் வேதமுத்து என்பதால் மட்டும் அல்ல. அது நடந்தபோது நானும் அங்கே இருந்தேன் என்பதால்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். படம் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். பத்திரிகையில் எழுதப் போகிறீர்கள். நல்லது, எழுதுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிவிடுங்கள். அந்தப் படத்தில் கீபோர்டு வாசிப்பவராக ஒருவர் வருகிறாரே, அது நான் இல்லை. அது நடிப்பு. அதுவும் மிகை நடிப்பு.

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

வேதமுத்துவை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். படத்தில் அவனை ஒரு மாபெரும் கலைஞனாகக் காட்டியிருக்கிறார்கள். உலகம் புரிந்துகொள்ளாத கலைஞன். உலகம் அவனை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது, தம்பி. மெல்லிசைக் கச்சேரியில் பாடகர்கள் டீ குடிக்கப் போகும்போது கூட்டம் எழுந்து போகாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும். அதற்கென்றே பிறந்தவன் அவன். நாலு பேருக்குத் தெரிந்த பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு அதற்கு மாமியார், ரேஷன் கடை, மின்வெட்டு என்று சொந்தமாக வரி போட்டுப் பாடுவான். 'நகைச்சுவைத் தென்றல்' என்று பட்டம். யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். நோட்டீஸ் அச்சடித்த அன்று காலையில் அவனே கொடுத்துக்கொண்டான்.

தாளம் அவனுக்குக் கிடையாது. சுருதி எப்போதாவது வழியில் எதிர்ப்பட்டால் ஒரு வணக்கம் வைப்பான், அவ்வளவுதான். அவனுக்குப் பக்கவாத்தியம் நான். முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவன். வீணையில் தொடங்கி, கீபோர்டுக்கு வந்து, கடைசியில் வேதமுத்துவுக்கு வந்து சேர்ந்தேன். இதை எப்படிச் சொல்வது? மலையிலிருந்து இறங்குகிறவன் ஒவ்வொரு படியிலும், இது கடைசிப் படி என்று நினைத்துக்கொண்டே இறங்குவான் அல்லவா, அப்படி.

பிறகு மெல்லிசைக் குழுவிலிருந்து பிரிந்து இருவர் நிகழ்ச்சி ஆரம்பித்தோம். அவனும் ஒரு மைக்கும், நானும் ஒரு கீபோர்டும். கோவில் கொடைத் திருவிழா, பூப்புனித நீராட்டு, கட்சிக் கூட்டத்தில் தலைவர் வரும்வரை. தென்காசியிலிருந்து தூத்துக்குடி வரை நாங்கள் ஏறாத மேடை இல்லை.

எனக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. வாசிக்கும்போது கூட்டத்தைப் பார்க்க மாட்டேன். கூட்டம் என்ன சுருதிப் பெட்டியா, அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள? தலை குனிந்தால் கீபோர்டின் கட்டைகள், நிமிர்ந்தால் கண்மூடல். வேதமுத்து வேறு எதில் எப்படியோ, இதை மட்டும் மிகவும் மதித்தான்.

"அண்ணாச்சி, நீங்க குனிஞ்ச தல நிமிராதீங்க. ஆயிரம் பேரு கத்தினாலும் நீங்க அந்தக் கட்டையவே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருங்க. அதான் அழகு" என்பான்.

மரியாதை தெரிந்தவன். கீபோர்டை எப்போதும் மேடைக்கு நடுவில், வெளிச்சம் விழுகிற இடத்தில் போடச் சொல்வான். பாடுகிறவன் அவன், ஆனால் ஓரமாக நிற்பான். சித்திரை வெயிலில்கூட எனக்குக் கறுப்புக் கோட்டு. "வித்துவானுக்குக் கோட்டுதான் அண்ணாச்சி களை" என்பான். அவன் பூப்போட்ட சட்டையில் நிற்பான். யாருக்கு எது தகும் என்று தெரிந்திருந்தது.

ஒரே ஒரு நாள்தான் என்னோடு கோபித்துக்கொண்டான். எனக்குப் பெண் பிறந்த செய்தி வந்த நாள். மேடையில் என்னையறியாமல் புன்னகை வந்துவிட்டது. இறங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க? மேடையில பல்லக் காட்டலாமா?"

"பிள்ள பிறந்திருக்குல."

"பிறக்கட்டும், நல்லா இருக்கட்டும். அதுக்காக? இன்னைக்கு ஒருத்தனாவது சிரிச்சானா பாத்தியளா?"

நான் பார்ப்பதில்லை என்பதுதான் அவனுக்கே தெரியுமே. என் புன்னகைக்கும் அவன் ஜோக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். கலைஞர்களுக்கு மூடநம்பிக்கை அதிகம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நீங்கள் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் கடைசியில் வருகிற துக்க வீட்டுக் காட்சி.

எங்களுக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்தவர் குருவையா என்ற ஏஜென்ட். அன்று அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வீடு. கடையநல்லூரில் ஒரு பெரியவருக்கு எண்பதாம் கல்யாணம். வாசுதேவநல்லூரில் ஓர் அரிசி ஆலைக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம். கல்யாண வீட்டுக்கு எங்களையும், காரிய வீட்டுக்குத் தேவாரக் குழுவையும் அனுப்ப வேண்டும். மாற்றி அனுப்பிவிட்டார். எண்பதாம் கல்யாணத்தில் தேவாரக்காரர்கள் போய், பந்தி நடக்கிறபோது 'காடு வா என்கிறது' என்கிற தோரணையில் உருகி உருகிப் பாடினார்களாம். மாப்பிள்ளைப் பெரியவர் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாராம். அது வேறு கதை.

நாங்கள் பஸ் பழுதாகித் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பின்வாசல் வழியாக, சமையல் நடக்கிற இடத்தைத் தாண்டி மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். வாழை மரம் இல்லை. எண்பது வயதுக்குப் பிறகு வாழை மரம் எதற்கு என்று விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பெரிய பேனர் இருந்தது, எங்கள் முதுகுக்குப் பின்னால். வேதமுத்து மைக்கைத் தட்டினான். நான் குனிந்தேன்.

கிழ மாப்பிள்ளைப் பாட்டு. அவன் பாட்டுகளிலேயே பேர் வாங்கியது.

"பல்லு போன மாப்பிள்ளைக்குப் பாயசம் போதுமா?
பந்தியிலே அப்பளத்தப் பாத்தாலே பயமா?"

முதல் சரணம் முடிந்தது. சத்தம் இல்லை. இரண்டாவது சரணத்தில், தாலி கட்டுகிற கை நடுங்கி முடிச்சுக்குப் பதிலாகப் பூக்காரியின் கூடையைக் கட்டுவது வரும். கல்லும் சிரிக்கும் இடம். சத்தம் இல்லை. தம்பி, ஐந்நூறு பேர் சேர்ந்து சத்தம் போடாமல் இருப்பது எப்படி இருக்கும் தெரியுமா? கத்தலைவிடப் பெரிதாகக் கேட்கும். நான் தலையை நிமிர்த்தினேன். என் தொழிலில் நான் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

எதிரே ஒரு நாற்காலியில் படம். மாலை. முன்னால் குத்துவிளக்கு. பக்கத்தில் பாயில் ஓர் அம்மாள், வெறும் நெற்றியோடு.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் விரலை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை? இதை நான் என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டாவது சரணத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு இடையிசை உண்டு, துள்ளலான டப்பாங்குத்து. வேதமுத்து தண்ணீர் குடிக்கிற இடம் அது. அதைப் பாதியில் விட்டால் படத்தில் இருந்த அந்த மனிதருக்கு அவமரியாதை என்று பட்டது. கண்களை மூடிக்கொண்டு, ஒரு ஸ்வரம் குறையாமல், முழுதாக வாசித்தேன். கண்ணீர் வழிந்தது, மறுக்கவில்லை. இரண்டு சொட்டு. மூக்கும் கொஞ்சம் ஒழுகியிருக்கலாம். கை இரண்டும் கட்டையில் இருக்கும்போது துடைப்பது எப்படி?

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது.

முதலில் ஒரு பெண் குரல். அடக்கி, அடக்கி, அடக்க முடியாமல் உடைகிற சிரிப்பு. அப்புறம் மொத்தப் பந்தலும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வேதமுத்து சொன்னான். "அந்தம்மாதான் அண்ணாச்சி சிரிச்சது. மூத்த மகன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மேடைக்கு வந்துட்டான். இன்னைக்கு நம்ம எலும்பு நமக்கில்லன்னு நினைச்சேன். அதுக்குள்ள அந்தம்மா சிரிச்சிட்டாங்க. மகன் அப்படியே நின்னுட்டான். பொறவு அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அவுக போன பொறவு இன்னைக்குத்தான்யா சிரிச்சேன். அவுக இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாக'ன்னு சொன்னாங்க. எல்லாம் என் ரெண்டாவது சரணம்."

இதை அவன் அதற்குப் பிறகு ஏறின ஒவ்வொரு மேடையிலும் சொன்னான். டீக்கடையில் சொன்னான். என் பெண்ணின் காதுகுத்தில் சொன்னான். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன், ஒவ்வொரு முறையும் நம்பவில்லை.

ஏனென்றால் சிரிப்பு வந்தது சரணத்தில் இல்லை, இடையிசையில். மூன்றாவது சுற்றின் தொடக்கத்தில். என் காது அதைக் குறித்துவைத்திருந்தது. அப்போது அவன் பாடவே இல்லை. சொம்பு வாயில் இருந்தது. பாடாதவன் ஒரு துக்க வீட்டை எப்படிச் சிரிக்க வைப்பான்?

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில் இவன் ஏதோ அசிங்கமாகச் செய்திருக்கிறான். உடம்பை நெளித்திருப்பான், அல்லது சொம்பை வைத்து ஏதாவது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சரணத்தின் மேல் போடுகிறான். இவ்வளவு கீழ்த்தரமான ஒருவனோடு, சாவு வீட்டில், முழு இசையையும் காப்பாற்றிக் கொடுத்தது நான் ஒருவன்தானே என்று அப்போதெல்லாம் ஒரு கர்வம்கூட உண்டு.

சிரிக்காதீர்கள் தம்பி. மோர் சிந்துகிறது பாருங்கள்.

பிறகு காலம் போயிற்று. கையிலேயே எல்லாருக்கும் சினிமா வந்துவிட்டது, எங்களுக்குக் கூட்டம் இல்லை. வேதமுத்துவுக்குத் தொண்டையில் கட்டி, அறுவை சிகிச்சை. குரல் போய் வெறும் காற்று வந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் உட்கார்ந்துவிட்டான். நான் இந்த மாடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு பிள்ளைகள் ஸரிகம படிக்க வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் வேகத்தைக் கூட்டி இரண்டாம் காலம் வாசிக்க வராது.

அப்போதுதான் தமயந்தி வந்தது. சென்னையிலிருந்து. முப்பது வயதிருக்கும், டைரக்டர் என்று சொன்னது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. கூடப் படித்தவர்கள் சேர்ந்து எடுக்கிற படமாம். கஷ்டப்படுகிற ஓர் இசை நகைச்சுவைக் கலைஞனின் கதை. வேதமுத்துவை மண்டியில் பார்த்து நாள்கணக்கில் பேசியிருக்கிறது. பிறகு என்னிடம் வந்து, "சார், உங்க வேஷத்த நீங்களே பண்ணணும்" என்றது.

எனக்கு நடிப்பு வராது என்றேன். நடிக்கவே வேண்டாம், வாசித்தால் போதும் என்றது. சரி என்று இதே இடத்தில் உட்கார்ந்து ஒரு டப்பாங்குத்து வாசித்தேன். கேமரா வைத்திருந்த ஆளுக்கு என்ன வியாதியோ, கேமரா குலுங்குகிறது. தமயந்தி திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்கிறது, தோள் ஆடுகிறது. ஒரு கலைஞன் வாசிக்கும்போது கேட்கிற அழகா இது? தொழில் தெரியாத கூட்டம் என்று மறுத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாடக நடிகரை அனுப்பினார்கள். என்னிடம் ஒரு வாரம் கற்றுக்கொள்ள. வந்தார், உட்கார்ந்தார். கீபோர்டு கற்க வந்தவன் எதைப் பார்க்க வேண்டும்? விரலை. அவர் ஒரு வாரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஸரிகம வரவில்லை.

மதுரையில் முதல் காட்சி. நானும் என் மனைவி செண்பகமும் போயிருந்தோம். நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்களா? அப்படியா, முதல் வரிசையிலா! அப்போது உங்களுக்கே தெரியும். துக்க வீடு வருகிறது. வேதமுத்துவாக வருகிறவர் பாடுகிறார். பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. தியேட்டரிலும் ஒருவரும் சிரிக்கவில்லை. இடையிசை. அந்த நாடக நடிகரின் முகம், திரை முழுக்க. கறுப்புக் கோட்டு. பல்லைப் பிடுங்க வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவன் மாதிரி ஒரு முகம். கண்ணில் தாரை, மூக்கிலும். கீழே கை மட்டும் கும்மாளம் போடுகிறது.

சிரிப்பில் தியேட்டர் இடிந்தது. பின்வரிசையில் ஒருவர் இருக்கையிலிருந்து நழுவிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் செண்பகம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். என் அவமானத்தைப் பொறுக்காமல் அழுகிறாள் என்று நினைத்து, "விடு, அழாத. சினிமாக்காரங்க அப்படித்தான்" என்றேன்.

"நான் எங்க அழுதேன்?" என்றாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் முந்தானை வாய்க்குப் போயிற்று.

ஆனால் என்னை உறைய வைத்தது செண்பகம் இல்லை, அந்த முகமும் இல்லை. சிரிப்பு வந்த இடம். இடையிசை, மூன்றாவது சுற்றின் தொடக்கம். அதே இடம், தம்பி. என் அபிப்பிராயம் தப்பாகலாம், என் காது தப்பாகாது.

வெளியே வந்ததும் தமயந்தியைப் பிடித்தேன். "அழுதுகிட்டே வாசிக்கிறதெல்லாம் யார் சேர்க்கச் சொன்னா?"

"நான் எதையும் சேர்க்கல சார். வேதமுத்து அண்ணன் சொன்னதுதான்." கொஞ்சம் தயங்கியது. "குறைச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. நடு மேடை, வெளிச்சம், கறுப்புக் கோட்டு, பல்லைக் காட்டாதே என்ற கோபம். ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்கார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். எல்லாம் நல்ல பதில்கள்தான், எதுவும் காலை வரை நிற்கவில்லை.

இதற்கு நடுவே படம் பேர் வாங்கிவிட்டது. சென்னையில் ஒரு பெரிய அரங்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் மேடையேற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வேதமுத்து போனில் பேசினான், காற்றுக் குரலில்.

"அண்ணாச்சி, மறுபடி மேடை."

"உனக்குத்தான் குரல் இல்லையேல. எதப் பாடுவ?"

"நான் ஓரமா நின்னா போதுமாம். நீங்க கட்டாயம் வரணுமாம்."

பாட முடியாதவனையும், பக்கவாத்தியக்காரனையும் எதற்காகக் கூப்பிடுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில்கூட இல்லை. மேடை என்றால் எனக்கு ஆசை இல்லையா? இந்த மாடியிலிருந்து ஒரு நாளாவது இறங்க மாட்டோமா என்றுதான் இருக்கிறது. ஆனால் என்னவாக ஏறுகிறேன் என்று தெரியாமல் எப்படி ஏறுவது? வித்துவானாகவா, வேறொன்றாகவா? நேரில் வருகிறேன், ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு நீ சொல்லும் பதிலை வைத்துத்தான் சென்னை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் புளியங்குடி போனேன். மண்டியில் எலுமிச்சைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மெலிந்துவிட்டான். கழுத்தில் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு மூட்டையைத் தட்டிப் போட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றான்.

அந்தம்மாள் சிரித்தபோது யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். பஸ் முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"உங்களப் பாத்துதான் அண்ணாச்சி."

நான் அந்த மூட்டையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு மட்டுமில்ல. என்னைக்குமே உங்களப் பாத்துதான். நான் கிறுக்குத்தனமா பாடுவேன், பக்கத்துல நீங்க கோவில் செல மாதிரி உக்காந்து அதுக்கு வாசிப்பீங்க. அதப் பாத்துதான் சனங்க சிரிச்சுது. எனக்கு அது முதல் கொடையிலயே தெரிஞ்சு போச்சு."

"ஏம்ல சொல்லல?"

"சொன்னா நீங்க மூஞ்சிய மாத்தியிருப்பிய. மாத்தினா நம்ம ரெண்டு பேர் வீட்டுலயும் உலை கொதிக்குமா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "வெளிய பூரா என் சரணம், என் சரணம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பேராசைன்னு நினைச்சிருப்பிய. வேற என்னத்தச் சொல்லி மறைப்பேன், சொல்லுங்க? அந்த டைரக்டர் பிள்ள வந்து கேட்டப்போ, சரி, தொண்டையும் போச்சு, இனி யாருக்காக மறைக்கன்னு சொல்லிட்டேன்."

அவன் சொன்னதை நான் முழுவதும் நம்பவில்லை, தம்பி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சமாவது அவன் சரணம் இருந்திருக்கும். இத்தனை வருடம் எனக்காக ஒருவன் பொய் சொன்னான் என்று நம்புவதைவிட, அவன் பேராசைக்காரன் என்று நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"சென்னைக்கு வருவியள்ல?" என்று கேட்டான்.

ஒத்திகை பார்த்துக் கொண்டுபோன கேள்வி செத்துவிட்டது. என்னிடம் வேறு ஒன்று இருந்தது. அது இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள், சிலர் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"முத்து, இத்தன வருஷத்துல ஒரு நாளாவது, என் மூஞ்சிய விட்டுட்டு, நான் வாசிச்சதக் காது குடுத்துக் கேட்டியால?"